தலையணைக்கு நாடி பார்த்தவள்

"சின்சே, என் பொண்ணுக்கு மருந்து வேணும்."

"எதுக்கு?"

"படபடப்புக்கு. நாடி கன்னாபின்னான்னு ஓடுது."

"யாரு பார்த்தா?"

"நான்தான் பார்த்தேன்."

சின்சே கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார்.

வெளியே மழை. மலேசியாவின் மழை ஊரான தைப்பிங்கில் மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பெய்தது, அவ்வளவுதான். சீன மருந்துக்கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை நாடி வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறு மாணவர்களில் ஐந்து பேர் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆறாவது ஆள் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

அவள் பெயர் பூங்காவனம். வயது ஐம்பத்தெட்டு. சின்சேவுக்கு முப்பத்தொன்பது. மாணவி ஆசிரியையைவிடப் பத்தொன்பது வயது மூத்தவள். அதைப் பற்றி ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சின்சே என்றால் அந்தப் பக்கத்தில் சீன வைத்தியர். இவருடைய முழுப்பெயர் ஹோ சியூ யின். அப்பா ரப்பர் தோட்டத்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவர் தமிழில் திட்டினால் தோட்டத்து ஆட்களே காதைப் பொத்திக்கொள்வார்கள் என்று பேர்.

பூங்காவனம் முப்பத்தோரு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கையுறையில் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டை தேட வேண்டும். ஓட்டை கிடைத்தால் நல்ல வேலைக்காரி என்று பாராட்டு. அப்படியே பழகிவிட்ட கண் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. வீட்டுக்குள் தேட ஆரம்பித்தது.

தூக்கம் போயிற்று. தூக்கத்துக்குத் தேநீர் கேட்டுத்தான் முதலில் இந்தக் கடைக்கு வந்தாள். சின்சே யாரோ ஒருவரின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தாள்.

"இதை நானும் படிக்கலாமா சின்சே?"

"எதுக்குக்கா?"

"என்ன வரப்போவுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாமே."

சின்சே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

அது எட்டு மாசத்துக்கு முந்தைய கதை.

"பொண்ணுக்கு இப்ப எத்தனாவது மாசம்?"

"ஆறு முடியப் போவுது."

"கிளினிக்கில என்ன சொல்றாங்க?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு புத்தகத்துல எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க மிஷினை வெச்சுத்தானே பார்க்கறாங்க!"

"நீங்க?"

"நான் கையை வெச்சுப் பார்க்கறேன்."

மகள் பெயர் நளாயினி. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. கணவனுக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம், மாமியார் வீடு கிள்ளானில். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்காக அம்மாவோடுதான் இருக்கிறாள், தலைப்பிரசவமும் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். அப்பா இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கரு மூன்றாம் மாசத்திலேயே கலைந்துவிட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"தினமும் காலையில ஆறே முக்காலுக்குப் பார்ப்பேன் சின்சே. அவ வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மூணு விரல்."

"கர்ப்பிணி நாடி எப்படி இருக்கும்னு சொல்லிக் குடுத்தேன்?"

"தட்டுல முத்து உருள்ற மாதிரி."

"உருண்டுச்சா?"

"எங்க உருண்டுச்சு? இழுத்துக் கட்டின கம்பியாட்டம் விறைச்சுக்கிட்டு அடிக்குது. பயந்த நாடி. அவளுக்கு உள்ளுக்குள்ள என்னமோ பயம் இருக்கு. கேட்டா, ஒண்ணுமில்லங்கிறா."

"அப்புறம்?"

"இன்னைக்குக் காலையில கையைக் குடுக்க மாட்டேன்னுட்டா."

பூங்காவனத்தின் குரல் இறங்கிவிட்டது.

"என்ன சொன்னா தெரியுமா? தினமும் என் கையைப் பிடிச்சுட்டு, சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிற. அன்னைக்குப் பூரா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. போதும்மா. நான் அத்தை வீட்டுக்கே போறேன்னுட்டா. சனிக்கிழமை காலையில எட்டு மணி ரயிலு. லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்தாச்சு. தாய் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மாமியார் வீட்டுல போய்ப் பெத்துக்கறதா? ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊரு கிடக்குது."

"என்னை விட்டுட்டுப் போறாளே சின்சே."

அழுதுவிட்டாள். சின்சே காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நாடி பார்க்கறப்ப எப்படி எண்ணறீங்க?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு."

"ஏன்?"

"ஒண்ணுகூட விட்டுடக் கூடாதில்ல!"

சின்சே தன் இடது கையை மேஜைமேல் நீட்டினார். மணிக்கட்டுக்கு அடியில் நாடி பார்க்கும்போது வைக்கிற குட்டித் தலையணை. உள்ளங்கை அகலம், நீலத் துணி உறை, உள்ளே உமி.

"எனக்குப் பாருங்க."

பூங்காவனம் மூன்று விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். மூச்சைப் பிடித்தாள். அழுத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"சின்சே, உங்களுக்கும் படபடன்னு இருக்கு."

"அப்படியா?"

"கம்பி நாடி. வேகமா வேற ஓடுது. நீங்க உடம்பைப் பார்த்துக்கறதே இல்ல."

"சரி. அங்கிளுக்கும் பாருங்க."

சியா அங்கிள் அந்தக் கடையில் மருந்து நிறுப்பவர். எழுபது தாண்டியவர். வகுப்பு நாளில் கூட்டம் இருக்காது என்பதால் மூலை நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பூங்காவனம் பூனை நடை நடந்து போய் அவர் கையைப் பிடித்தாள். குறட்டை நிற்கவில்லை.

திரும்பி வந்து ரகசியம் போலச் சொன்னாள்.

"அங்கிளுக்கும் அதேதான். என்னமோ பெரிய கவலை இருக்கு அவருக்கு."

மூலையிலிருந்து ஒரு நீண்ட குறட்டை வந்தது.

சின்சே மேஜையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். இப்போது அங்கே குட்டித் தலையணை மட்டும் இருந்தது.

"இதுக்குப் பாருங்க."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

"தலகாணிக்கா? விளையாடறீங்களா சின்சே?"

"பாருங்கக்கா."

குரு சொல்லைத் தட்டக் கூடாது. பூங்காவனம் மூன்று விரலைத் தலையணைமேல் வைத்தாள். கண்ணை மூடினாள். மூச்சைப் பிடித்தாள். வழக்கம்போல் அழுத்தினாள்.

மழைச் சத்தம். குறட்டைச் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றி சுருங்கியது. இன்னும் அழுத்தினாள். பிறகு சுடுசட்டியைத் தொட்டவள் போல விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அடிக்குது சின்சே!"

"எப்படி?"

"படபடன்னு."

"கம்பி நாடியா?"

"கம்பி நாடிதான்."

"இந்தத் தலகாணிக்கு எத்தனாவது மாசம்?"

பூங்காவனம் வாயைத் திறந்தாள். மூடினாள். தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். மூன்றும் சிவந்து, அழுத்திய இடம் வெளிறி, குத்திக்குத்தித் துடித்துக்கொண்டிருந்தன.

நிமிர்ந்து கேட்டாள்.

"அப்ப நளாவுக்கு?"

"எனக்குத் தெரியாது. நான் அவ கையைத் தொட்டதில்ல."

"சின்சே..."

"நீங்களும் இன்னும் தொடல."

இதைக் கேட்டதும் உருகிப்போய்க் காலில் விழுந்தாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. பூங்காவனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நூறு தடவை தொட்டிருக்கேன்! பெத்தவ நானு! எட்டு மாசமா மழை வெயில்னு பார்க்காம வந்து படிக்கறேன். மருந்து கேட்டா தலகாணியைக் காட்டிக் கேலி பண்றீங்க!"

எழுந்தாள். குடையை எடுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

சின்சே உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஆவி பறக்கும் தண்ணீர், அதில் நசுக்கிப் போட்ட இஞ்சி. நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"உட்காருங்க."

"எனக்கு எதுக்கு இது?"

"மருந்து வேணும்னு கேட்டீங்கல்ல? நோயாளியைத்தான் நீங்களே கூட்டிட்டு வந்திருக்கீங்களே."

பூங்காவனம் நின்றாள். குடை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். சூட்டுக்கு முதலில் பாதம் கூசியது, அப்புறம் பழகிப்போயிற்று.

"எங்க பழைய புத்தகத்துல ஒண்ணு எழுதியிருக்கு" என்றார் சின்சே. "கவலைப்பட்டா உயிர்மூச்சு முடிச்சு விழுந்துடும். பயந்தா கீழ இறங்கிடும். உங்களுக்கு ரெண்டுல எது?"

பூங்காவனம் யோசித்தாள்.

"ரெண்டும்தான். நெஞ்சுல முடிச்சு இருக்கு. காலு வேற எந்நேரமும் ஜில்லுன்னு இருக்கு."

"ராத்திரி தூக்கம்?"

"மூணு மணிக்கு முழிச்சுக்குவேன். அவ ரூம் கதவுல காதை வெச்சு, மூச்சு விடறாளான்னு கேட்டுட்டு வந்து படுப்பேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியும்" என்றார் சின்சே.

பூங்காவனத்தின் கையைத் திருப்பினார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். அழுத்தி, விட்டு, அழுத்தி. தொட்டித் தண்ணீர் ஆறும்வரை அப்படியே இருந்தார்கள். சியா அங்கிள் விழித்து, இருவரையும் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பித் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

கிளம்பும்போது சின்சே இழுப்பறைகளைத் திறந்து ஒரு பொட்டலம் கட்டினார். சீனப் பேரீச்சை, காய்ந்த லோங்கான் பழம், லில்லிக் கிழங்கு வற்றல்.

"வேகவெச்சுச் சாயங்காலத்துல குடிங்க."

"நளாவுக்கும் ஒரு கப்பு குடுக்கவா?"

"மூச். கர்ப்பிணிக்கு நான் பார்க்காம இலையைக்கூடக் குடுக்க மாட்டேன். அவளுக்குக் கிளினிக் இருக்கு. இது உங்களுக்கு."

பிறகு நீலத் தலையணையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இனிமே பொண்ணு கையைத் தொடக் கூடாது. காலையில ஆறே முக்காலுக்கு இதுக்கு நாடி பாருங்க. செத்துப்போனா வந்து சொல்லுங்க."

"எது செத்துப்போனா?"

"தலகாணி."

திங்கட்கிழமை காலை நளாயினி சண்டைக்குத் தயாராகவே அறையைவிட்டு வெளியே வந்தாள். இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் ஒளித்திருந்தாள்.

அம்மா சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு குட்டித் தலையணை. அதன்மேல் மூன்று விரல்.

"என்னம்மா பண்ற?"

"நாடி பார்க்கறேன்."

"தலகாணிக்கா?"

"ஆமா."

நளாயினி மேஜைக்கு ஒரு அடி கிட்டே வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"மோசமா இருக்கு."

மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது துப்பட்டாவுக்குள்ளிருந்து கை வெளியே வந்துவிட்டது. அம்மா பார்த்தாள். தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை பூங்காவனம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூச்சைப் பிடித்தால் தலையணைக்கு நாடி ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. மறுபடி பிடித்துப் பார்த்தாள், ஏறியது. விட்டாள், இறங்கியது. இத்தனை வயதுக்கு அப்புறம் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பேரீச்சைத் தண்ணீர் குடித்தாள். தித்திப்பாகத்தான் இருந்தது. காலை வெந்நீரில் வைத்தாள். அன்றும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து மகளின் கதவு வரைக்கும் போய்விட்டாள். காதை வைக்கவில்லை. திரும்பி வந்து படுத்தாள். அப்புறம் தூக்கம் வந்ததா என்றால், வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

புதன்கிழமைதான் பொல்லாத நாள்.

நளாயினி ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். ஐந்தே கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பூங்காவனம் கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். என்னென்ன நடந்திருக்கலாம் என்று மனசு வரிசையாகப் போட்டுக் காட்டியது. எல்லாமே ஓட்டைதான், ஒரு நல்ல கையுறைகூட அதில் இல்லை.

கடைசியில் தலையணையை மடியில் வைத்து மூன்று விரலை வைத்தாள். அது வெடித்துவிடும் போல அடித்தது.

"இரு, இரு" என்றாள் அதனிடம். "வந்துடுவா. மூச்சு விடு."

ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. நளாயினி தொப்பலாக நனைந்து நின்றாள்.

"ரோட்டுல மரம் சாஞ்சு கிடக்குதும்மா. சுத்தி வர வேண்டியதாப் போச்சு."

பூங்காவனம் பாய்ந்தாள். கை தானாக மகளின் மணிக்கட்டை நோக்கிப் போயிற்று. நளாயினியின் முகம் சுருங்கியது. பாதி வழியில் கை நின்றது. அப்படியே திரும்பிக் கொடியில் கிடந்த துண்டை எடுத்தது.

"தலையைத் துவட்டிக்கோ."

துண்டை வாங்கிக்கொண்ட நளாயினி உடனே துவட்டவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அன்று இரவே பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். டிக்கெட் எடுத்தது எடுத்ததுதான்.

வியாழக்கிழமை தலையணையின் நாடி வந்து வந்து போயிற்று. கொஞ்ச நேரம் துடிக்கும். கொஞ்ச நேரம் வெறும் உமி.

அந்த வெறும் உமியில் விரலை வைத்திருந்தபோது, பூங்காவனத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று அவள் அடைத்து வைத்திருந்தது. இன்று வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. எழுந்து ஓடவில்லை அவள். மூச்சை விட்டுக்கொண்டே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே" என்று தலையணையிடம் சொன்னாள்.

விரலை எடுக்காமலே அழுதாள். நீலத் துணியில் இரண்டு மூன்று இடம் நனைந்தது.

வெள்ளிக்கிழமை.

ஆறே முக்கால். மூன்று விரல். தலையணை.

ஒன்றுமில்லை.

மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட்டாள். ஒன்றுமில்லை. இன்னொரு மூச்சு. பத்து மூச்சு. விரலுக்கடியில் துணி இருந்தது. துணிக்கு அடியில் உமி இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

நளாயினி குளித்துவிட்டு வந்தபோது அம்மாவைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது.

காலையிலேயே மருந்துக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சியா அங்கிள் வேர் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். பூங்காவனம் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். குடையில்லை, முடியெல்லாம் ஈரம்.

"சின்சே! செத்துப்போச்சு!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு தமிழ்ப் பெண்மணி நெஞ்சில் கையை வைத்து, "ஐயோ, யாரும்மா?" என்றாள்.

"தலகாணி!"

அந்தப் பெண்மணி தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

சின்சே எழுந்து வந்தார். தலையணையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில. ஆறே முக்காலுக்கு."

"கஷ்டப்பட்டுச்சா?"

"இல்ல சின்சே. அமைதியாப் போயிடுச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சியா அங்கிளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பூங்காவனம் கேட்டாள்.

"இப்ப நளா கையைப் பார்க்கலாம்தானே? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரயிலு. இன்னைக்கு ஒரு தடவை, ஒழுங்கா பார்த்துடறேன். இப்பதான் என் விரலு சும்மா இருக்கே."

"பார்த்து?"

"எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கலாமே."

சின்சே தலையணையை மேஜைமேல் வைத்தார். பூங்காவனத்தின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பி, அதன்மேல் கிடத்தினார்.

"இன்னைக்குப் போய் இதைக் குடுங்க."

"எதை?"

"இந்தக் கையை."

பூங்காவனம் கையைப் பார்த்தாள். சின்சேவைப் பார்த்தாள்.

"அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாதே சின்சே!"

"நல்லதாப் போச்சு" என்றார் சின்சே. "அடுத்து யாரு?"

சாயங்காலம் நளாயினி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தளர்வான சட்டைகள், கிளினிக் புத்தகம், பிறக்கப்போகிற குழந்தைக்கு வாங்கிய இரண்டு சின்னத் தொப்பிகள். வாசலில் அம்மா வந்து நின்றாள்.

நளாயினி நிமிரவில்லை. கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பூங்காவனம் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் வலது கையை மகளுக்கு முன்னால் நீட்டினாள்.

"என்னம்மா?"

"பாரு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"பரவால்ல. சும்மா பிடி."

நளாயினி ஒரு சட்டையை மடித்து முடித்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரல் அல்ல, ஐந்து விரலாலும் பிடித்தாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பாள், அந்தப் பிடி.

நளாயினி கட்டைவிரலை நகர்த்தித் துடிப்பைத் தேடினாள்.

"அம்மா, ரொம்ப வேகமா அடிக்குதும்மா."

"தெரியும்."

"ஏம்மா?"

பூங்காவனம் மூச்சை இழுத்தாள். பிடித்து வைக்கவில்லை, விட்டுவிட்டாள்.

"பயமா இருக்கு நளா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

இத்தனை நாள் அவள் இதைச் சொன்னதில்லை. உனக்குப் பயம், உனக்குப் படபடப்பு என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"போன தடவை நீ பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தப்ப, நான் கூடத்துல டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏதோ தமாஷு. விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்கே அன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுச்சு."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எப்படிம்மா தெரியும்?"

பூங்காவனத்திடம் கண்ணீர்தான் இருந்தது. அது பாட்டுக்கு வந்தது. நளாயினிக்கும் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்து முதலில் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் அதிலேயே தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கை மட்டும் பிடித்தபடியே இருந்தது.

"இப்ப கொஞ்சம் மெதுவா அடிக்குதும்மா."

"ம்."

பூங்காவனம் மூக்கை உறிஞ்சினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"நளா, உனக்கு எப்படி இருக்கு?"

நளாயினி யோசித்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருபவள் போல ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

"பசிக்குதும்மா."

"பசிக்குதா?"

"ரொம்பப் பசிக்குது. இப்ப ரெண்டு தோசை சுடு. நாளைக்கு மத்தியானம் மீன் கறி ஆக்கு."